மலைப்பாதையில் எஞ்சின் தவறுதல்: இடுக்கி, பாலக்காட்டு எல்லைப்புற வண்டிகளைக் குறித்த ஒரு பாடம்

பெட்ரோல் எஞ்சினின் ஒரு சிலிண்டரில் உரிய தருணத்தில் எரிதல் நிகழாமற் போவதை மோட்டார்ப் பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்று வழங்குவர். வண்டி நடுங்கும், இழுவை குறையும், சைலன்ஸரின் ஒலி தாளம் தப்பும். சமவெளியில் இது பெரும்பாலும் ஒரு தொல்லையே. மலைச்சரிவில் இதன் தன்மை வேறு.

தமிழ்நாட்டை அடுத்துள்ள கேரளத்தின் மலைப்பகுதிகளில், அதாவது பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி, நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் முதலிய இடங்களிலும், இடுக்கி மாவட்டத்து மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, குமுளி முதலிய இடங்களிலும், சுகாதாரம், வேளாண்மை, வனம், கல்வி ஆகிய துறைகளின் களப்பணியாளர்கள் அன்றாடம் வண்டியையே நம்பியிருக்கின்றனர். இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவன அல்ல. இடையே திருச்சூரும் எறணாகுளமும் உள்ளன. ஆயினும் எஞ்சினைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வகை நிலம். வெயில் காயும் அடிவாரத்திலிருந்து புறப்படும் வண்டி ஓரிரு மணி நேரத்திற்குள் குளிர்ந்த, ஈரமான, அடர்த்தி குறைந்த காற்றினுள் நுழைகின்றது. சுமார் 350 மீட்டர் உயரத்திலுள்ள போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றை அடையும் பாதை இதற்குச் சிறந்த உதாரணம். இத்தகைய பாதை எஞ்சினைச் சோதிக்கும் கருவியாகவும் பயன்படும். பாதையின் எந்தப் பகுதியில் எஞ்சின் தவறுகின்றது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால், பட்டறையை அடையுமுன்னரே பழுதின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

எரிதலுக்கு வேண்டுவன

சிலிண்டரில் எரிதல் நிகழ மூன்று வேண்டும்: போதிய அழுத்தம், சரியான விகிதத்தில் கலந்த பெட்ரோலும் காற்றும், தக்க நேரத்தில் போதிய வலிமையுள்ள மின்பொறி. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் எரிதல் தவறும். பழைய ஜீப்புக்கும் இன்றைய காருக்கும் இது பொதுவான விதி.

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்கு இருமுறை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரிகின்றது. எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்று வேகத்தில் ஐட்லிங் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்திற்கு 400 முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 7 முறை எரியவேண்டும். ஒரு சிலிண்டர் முற்றிலும் செத்திருந்தால் நொடிக்கு ஏழு அதிர்ச்சி ஏற்படும். ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும் நடுக்கம் இதுவே. நான்கு சிலிண்டர் எஞ்சினில் எரிதல்களுக்கு இடையே கிராங்கு 180 பாகை சுழல்கின்றது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் இடைவெளி 240 பாகை. அவற்றில் ஒன்று தவறினால் 480 பாகை வரை உந்துதலே இராது. 1983 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 வண்டி ஒரு சிலிண்டர் போனதும் அத்துணை கடுமையாகக் குலுங்குவது இதனாலேதான்.

பிரேக்கும் தீயும்

பழுதை ஆராயுமுன் அபாயத்தை அறிந்திருத்தல் நலம். பெட்ரோல் கார்களில் பிரேக்கை மிதிப்பதற்குத் துணைபுரியும் பூஸ்டர் பெரும்பாலும் எஞ்சினின் உறிஞ்சுகுழாயில் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டே இயங்குகின்றது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பூஸ்டரின் துணையும் அதற்கேற்ப முன்னரே குறைந்துள்ளது. எஞ்சின் தவறும்போது வெற்றிடம் மேலும் குன்றும். எஞ்சின் நின்றேவிட்டால் பூஸ்டரில் எஞ்சிய வெற்றிடம் ஓரிரு மிதிப்புகளுக்கு மட்டுமே போதும். அதன்பின் பெடல் கல்லைப்போல் ஆகிவிடும். தவறும் எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் வண்டியைச் சரிவில் உருட்டிக்கொண்டே அடிவாரம் வந்துவிடலாம் என்று எண்ணும் ஓட்டுநர்கள் இன்றும் உள்ளனர். இது மிகவும் தவறான வழி. எஞ்சின் தடையும் இல்லை, பூஸ்டரும் இல்லை, சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

இரண்டாவது அபாயம் தீ. எரியாத பெட்ரோலும் காற்றும் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் சென்று அங்கே எரிகின்றன. அதன் உஷ்ணம் 1,000 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டக்கூடும்; உள்ளிருக்கும் பீங்கான் கூடு உருகி அடைத்துக்கொள்வதும் உண்டு. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு நிலையாக எரிந்தால் பழுது பதிவாகியுள்ளது என்று பொருள். விட்டுவிட்டு மின்னினால் கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு எஞ்சின் தவறுகின்றது என்று பொருள். மின்னும் விளக்குடன் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திச் செல்லலாகாது. மாசி, பங்குனி மாதங்களில் மலைப்புல் காய்ந்திருக்கும்போது அத்தகைய வண்டியைப் புல்லின்மேல் நிறுத்துவது காட்டுத்தீக்கு வழிகோலும். வண்டியை வெறும் மண்ணிலோ தார்ச்சாலை ஓரத்திலோ நிறுத்துக.

பாதை காட்டும் குறிகள்

முதலில் அடிவாரத்து வெயில். பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் உஷ்ணம் 40 டிகிரியை எட்டுவதுண்டு. காலையில் நன்றாக ஓடிய வண்டி அரைமணி நேரம் சென்றபின் தவறத் தொடங்கி, நிழலில் நிறுத்தி ஆறவிட்டதும் மீண்டும் நன்றாக ஓடினால், காயிலையோ கிராங்கு உணர்வியையோ ஐயுறலாம். இவற்றின் மெல்லிய கம்பிச்சுற்று சூட்டில் விரிந்து தொடர்பு விடும். ஆறியதும் மீண்டும் கூடும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதே குறி பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்வதாலும் தோன்றும். உயரம் கூடக்கூடப் பெட்ரோல் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்குமாதலின், சூடேறிய வண்டி மலையின் நடுப்பகுதியில் நின்றுவிடுவது அக்காலத்தில் சாதாரணம். குழாயின்மேல் ஈரத்துணி சுற்றிய ஓட்டுநர்கள் பௌதிகம் படித்தவர்கள் அல்லர், செய்தது சரியே. டாங்கிக்குள் மின்பம்பு உள்ள இன்றைய வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்துடனேயே வருவதால் இத்தொல்லை அரிது.

அடுத்து ஏற்றம். முழு ஆக்ஸிலரேட்டரில் சிலிண்டருக்குள் மிகுதியான காற்று புகுகின்றது. அழுத்தத்தின் முடிவில் அதன் அடர்த்தி கூடியிருக்கும். அடர்ந்த வாயுவின் ஊடே பொறி பாய உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். ஆகவே சமநிலத்தில் போதுமாயிருந்த வலுவிழந்த காயிலும், இடைவெளி தேய்ந்து அகன்ற பிளக்கும், ஏற்றத்தில் தோற்றுவிடுகின்றன. பெட்ரோல் வடிகட்டி அடைத்திருந்தாலும் ஏற்றத்தில்தான் பற்றாக்குறை தெரியும். இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? பொறிக்குறை பெரும்பாலும் சடக்குச் சடக்கென்று வெட்டும். பெட்ரோல் குறைவு வண்டியை மெல்லத் தளரச்செய்து பின் தவறச்செய்யும். மற்றொரு குறியும் உண்டு. மேலே செல்லச்செல்லக் காற்று அடர்த்தி குறைகின்றது. எனவே சிலிண்டருக்குள் பொறி பாய்வது எளிதாகின்றது. முந்தலுக்கு அப்பால் முதல் வளைவுகளில் வெட்டிய எஞ்சின் உச்சியை நெருங்குகையில் சற்றுத் தேறினால் பொறிப்பக்கமே பழுது இருக்கக்கூடும். உறுதியான சான்று அன்றாயினும் உதவும் குறி.

இதற்கு மாறாக, உயரம் கூடக்கூடத் தவறுதல் மிகுந்தால் கலவையை நோக்குக. கார்புரேட்டர் காற்றின் எடையை அறியாது. வேகத்தால் உண்டாகும் உறிஞ்சலை மட்டுமே அறியும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும்போது பெட்ரோல் அந்த விகிதத்தில் குறைவதில்லை. கலவை சுமார் 7 சதவீதம் செறிவடைகின்றது. சமவெளியில் முன்னரே செறிவாக ட்யூன் செய்யப்பட்ட வண்டி மூணாற்றில் கரும்புகை விட்டு, பிளக்கில் கரி படிந்து, தவறும். இன்ஜெக்டர் வண்டிகளில் காற்றின் அளவை உணர்விகள் அளந்து சொல்வதால் இக்குறை தானே திருத்தப்படுகின்றது. அவ்வண்டிகளிலும் மேலே கரும்புகை தோன்றினால் உணர்வியே பொய் சொல்கின்றது என்று கொள்ளலாம்.

மூன்றாவது மூடுபனி. போடிப் பக்கம் மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் போடிமெட்டு உச்சியைக் கடந்ததும் சில நிமிடங்களிலேயே வண்டி வறண்ட காற்றிலிருந்து நீர்த்துளிகள் மிதக்கும் காற்றினுள் புகும். அங்கேதான் தவறுதல் தொடங்குகின்றது என்றால் உயர் மின்னழுத்தம் பிளக்கைச் சேராமல் வெளியே கசிகின்றது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கரிக்கோடு, வெடித்த ரப்பர் உறை, பிளக்கின் வெண்பீங்கானில் படிந்த அழுக்கு ஆகியவற்றின்மேல் ஈரம் படர்ந்தால் மின்சாரம் அவ்வழியே ஓடிவிடும். அடர்த்தி குறைந்த காற்று சிலிண்டருக்குள் பொறிக்கு உதவுவதுபோலவே வெளியே கசிவுக்கும் உதவுகின்றது! இதனைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. இருட்டிய பின் எஞ்சினை ஓடவிட்டு, தோட்டங்களில் பயன்படும் கைத்தெளிப்பானைக் கழுவி, அதில் நல்ல நீரை நிரப்பிக் கம்பிகளின்மேல் மென்பனியாகத் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அப்போது கையால் எதனையும் தொடலாகாது; பல்லாயிரம் வோல்ட் அது.

மார்கழி, தைக் குளிரில் மூணாற்றில் காலையில் மட்டும் தவறி, ஐந்து நிமிடத்தில் தெளியும் எஞ்சின் தனி வகை. இரவில் படிந்த ஈரமே பெரும்பாலும் காரணம். ஆனால் வெண்புகை நெடுநேரம் நீடித்து, ரேடியேட்டர் நீரும் நாள்தோறும் குறைந்தால், ஹெட் காஸ்கெட் வழியே நீர் சிலிண்டருக்குள் ஊறுகின்றது. இதைத் தள்ளிப்போடுவது எஞ்சினையே இழப்பதாகும்.

இறக்கத்தில் தோன்றும் குறி பலராலும் தவறாகக் கொள்ளப்படுகின்றது. குறைந்த கியரில், ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு நீண்ட சரிவில் இறங்கும்போது உறிஞ்சுகுழாயில் வெற்றிடம் மிகுகின்றது. வால்வுத் தண்டின் சீல் தேய்ந்திருந்தால் அவ்வெற்றிடம் எஞ்சின் எண்ணெயைச் சிலிண்டருக்குள் இழுக்கும். பிளக் எண்ணெயில் நனையும். அடிவாரத்தில் மீண்டும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் நீலப்புகையுடன் எஞ்சின் சிறிது நேரம் தவறும். பெட்ரோல் கெட்டுவிட்டது என்று டாங்கியைக் கழுவுவோர் இக்குறியைக் கவனித்தல் வேண்டும்.

எந்தச் சிலிண்டர்?

பிளக்குகள் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிடுவது பட்டறைகளின் வழக்கம். இதனால் சில சமயம் பழுது நீங்குவதும் உண்டு. நீங்காதபோதோ, கழற்றி எறிந்த பிளக்குகளோடு சான்றும் போய்விடுகின்றது. எனவே தவறும் சிலிண்டரை முதலில் அடையாளம் காண்க.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் துவக்கி ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிவரும் புகைக்குழாயின்மேல் இரண்டொரு துளி நீர் மட்டும் இடுக. எரியும் சிலிண்டரின் குழாயில் துளி சீறி ஆவியாகும். செத்த சிலிண்டரின் குழாயில் அப்படியே வழியும். வகுப்பறையில் வெப்பத்தைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் எளிய விளக்கம் கிடைப்பது அரிது. நன்கு சூடேறிய வார்ப்பிரும்புக் குழாயில் நீரை ஊற்றினால் அது வெடிக்கக்கூடும்; ஆகவே துளியளவே போதும்.

மற்றொரு வழி, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது. ஒன்றை நிறுத்தியதும் எஞ்சினின் ஓட்டம் மேலும் கெட்டால் அது நல்ல சிலிண்டர். மாற்றமே தெரியாவிட்டால் அதுவே பழுதானது. பழைய வண்டிகளில் பிளக் கம்பியைக் கழற்றி இதனைச் செய்தனர். இன்றைய வண்டிகளில் அவ்வாறு செய்தால் காயிலும் மின்னணுப் பகுதியும் கெடும். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரையும் சேரும். அவற்றில் இன்ஜெக்டரின் மின்இணைப்பைச் சில நொடிகள் மட்டும் பிரிப்பதே முறை.

ஸ்கேனர் இருப்பின் வேலை எளிது. பி 0301 முதல் பி 0304 வரையுள்ள குறியீடுகளின் கடைசி எண் தவறிய சிலிண்டரைக் குறிக்கும். பி 0300 என்பது பல சிலிண்டர்களிலும் மாறிமாறித் தவறுகின்றது என்பதைக் குறிக்கும். ஒவ்வோர் எரிதலுக்குப் பின்னும் கிராங்கு சற்று விரைவுறுகின்றது. அவ்விரைவு காணப்படாதபோது தவறுதல் என்று கணிப்பி கொள்கின்றது. குலுங்கும் பாதையில் சக்கரங்களின் அதிர்ச்சி கிராங்கு வரை எட்டுவதால் இக்கணிப்பு ஏமாறவும் கூடும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்வது போன்ற கற்பாதைகளில் ஓடிவந்த வண்டியில் பதிவான பி 0300 குறியீட்டை மட்டும் நம்பி எதனையும் மாற்றலாகாது. பழுது பதிவான கணத்தில் எஞ்சினின் வேகம், சுமை, நீரின் உஷ்ணம் ஆகியவை என்ன என்பதையும் கணிப்பி சேமித்து வைக்கின்றது. ஏற்றத்திலா, ஐட்லிங்கிலா, சூட்டிலா, குளிரிலா என்ற வினாவுக்கு அப்பதிவே விடை தரும். குறியீட்டை அழிக்குமுன் அதனைத் தாளில் எழுதிக்கொள்க.

எது குறைந்தது?

தவறும் சிலிண்டர் இன்னது என்று தெரிந்தபின் இடம் மாற்றிப் பார்ப்பதே செலவற்ற சோதனை. இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கும் மாற்றுக. தவறுதலும் மூன்றாம் சிலிண்டருக்குச் சென்றால் காயிலே குற்றவாளி. செல்லாவிட்டால் பிளக்கை மாற்றிப் பார்க்கவும், அதன்பின் இன்ஜெக்டர்.

கழற்றிய பிளக்கை நிதானமாக நோக்குக. மங்கிய பழுப்பு நிறம் நன்கு எரிந்ததற்கு அடையாளம். உலர்ந்த கரி, கலவை செறிவானது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தது, பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு, ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்தது. வெளுத்து, முனை உருகினாற்போல் இருந்தால் கலவை மெலிந்தது அல்லது உஷ்ணம் மிஞ்சியது. ஐட்லிங்கில் தவறி, வேகத்தில் சரியாகும் எஞ்சினில் உறிஞ்சுகுழாய்க்குள் வேண்டாத காற்று புகுகின்றதா என்று பார்க்கவும். வெயிலில் காய்ந்து வெடித்த ரப்பர்க் குழாய்களே அதற்குப் பெரும்பாலும் வாயில். தோட்டங்களில் நிறுத்தி வைக்கும் வண்டிகளில் எலி கடித்த ஒயரையும் மறக்கலாகாது.

பொறியும் பெட்ரோலும் சரியாயிருந்தால் எஞ்சியது அழுத்தம். பெட்ரோல், பொறி இரண்டையும் துண்டித்து, பிளக்குகளைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்திச் சுழற்றி அளவிடுக. ஒரு சிலிண்டரில் குறைவாயிருந்தால் அதனுள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவும். அழுத்தம் உயர்ந்தால் ரிங், உயராவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களிலும் குறைந்திருந்தால் அவற்றின் இடையே காஸ்கெட் போயிருக்கும். இங்கே மலைநாட்டுப் பணியாளர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு: சமவெளியில் சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ காட்டும் அதே எஞ்சின் மூணாற்றில் 10 கிலோவே காட்டும். காற்றே குறைவாதலின் இது பழுதன்று. கையேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிடாமல் சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே தக்கது.

டீசல் ஜீப்புகள்

தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் பல டீசல் வண்டிகள். இவற்றில் பிளக்கும் பொறியும் இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே டீசலைப் பற்றவைக்கின்றது. ஆகையால் மூடுபனி இவற்றைத் தொடுவதில்லை. தவறுதல் நேர்ந்தால் குழாயில் புகுந்த காற்று, வடிகட்டியில் தேங்கிய நீர், ஒழுகும் இன்ஜெக்டர் முனை ஆகியவற்றை இவ்வரிசையிலேயே நோக்கவேண்டும். பழைய வகைப் பம்பு உள்ள எஞ்சினில் இன்ஜெக்டர்க் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்திச் சிலிண்டரை நிறுத்திப் பார்ப்பது மெக்கானிக்குகளின் கைவந்த முறை. காமன் ரெயில் எஞ்சினில் இதனை ஒருபோதும் செய்யலாகாது. அக்குழாய்களில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவையும் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சு தோலைத் துளைத்து உட்புகுந்து, உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் கையையே இழக்கச் செய்யும். பழைய ஜீப்பில் பழகிய கை புதிய வண்டியிலும் அதே ஸ்பானரை எடுப்பது இயல்பாதலின், இவ்வெச்சரிக்கை ஓட்டுநர் பயிற்சியில் தனியே சொல்லப்படவேண்டும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். 2025இல் எத்தனால் கலப்பு நாட்டில் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. கலப்புப் பெட்ரோல் சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும், பம்பு உறிஞ்சும் இடமும் அதுவே. மழைக்காலத்தில் நெடுநாள் நிறுத்தியிருந்த வண்டி துவங்கியவுடன் எல்லாச் சிலிண்டர்களிலும் ஒருசேரத் தவறினால் டாங்கியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, தீயற்ற திறந்த வெளியில் அசையாமல் வைத்துப் பார்க்கவும். இரு அடுக்குகள் தெரிந்தால் டாங்கியை வடித்தே ஆகவேண்டும்.

பழுது நீக்கியபின் வண்டியைத் தவறிய அதே நிலையில் ஓட்டிப் பார்ப்பது அவசியம். ஏற்றத்தில் தவறிய வண்டியைப் போடி கடைவீதியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒப்புக்கொள்ளலாகாது. முந்தலைக் கடந்து முதல் சில வளைவுகளேனும் ஏற்றிப் பார்க்கவேண்டும். மூடுபனியில் தவறிய வண்டிக்கு நீர்த்தெளிப்புச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து, நீலப்பொறி எங்கும் காணப்படவில்லை என்று உறுதி செய்தபின் நாள், உயரம், வானிலை, மாற்றிய பாகம் ஆகியவற்றை வண்டியின் லாக் புத்தகத்தில் குறித்து வைக்கவேண்டும்.